கடைக்குள் அழுத்த முடியாத பொத்தான்

காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டுக்கடையின் முதல் மாடியில், படி ஏறியதும் வலது கைப் பக்கம் ஒரு மேசை இருக்கிறது. என் வேலைக்காலம் பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் கழிந்தது. வாங்கிப் போன புடவையில் குறை என்று திரும்பி வருகிறவர்களை அங்கேதான் அனுப்புவார்கள். சாயம் இறங்கிவிட்டது, சரிகை கறுத்துவிட்டது, உடலும் கரையும் சேருகிற இடத்தில் விட்டுப்போய்விட்டது என்று வருவார்கள். படி ஏறும்போதே அவர்கள் குரல் எனக்குக் கேட்டுவிடும்.

எனக்குப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பத்தாவது முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது விற்பனைப் பக்கம் நிறுத்தினார்கள். "வாங்கம்மா, என்ன பார்க்கறீங்க?" என்று கேட்பதற்குள் வந்தவர்கள் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். அதனால் யாருக்கும் பிடிக்காத இந்த மேசைக்கு மாற்றினார்கள். வந்து உட்கார்ந்த பிறகுதான், திட்ட வருகிறவர்களுக்குப் பேசாத ஆள்தான் தோது என்று தெரிந்தது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். விரித்துப் பார்க்கிற நேரத்திலேயே பாதிக் கோபம் இறங்கிவிடும்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. 'இல்லை' என்கிற சொல்லைக் கடைக்குள் யாரும் சொல்ல மாட்டோம். காலையில் விளக்கேற்றி முதல் போணி ஆவதற்கு முன்னால் சொன்னால் முதலாளிக்கு முகமே மாறிவிடும். மற்ற நேரத்திலும் சொல்வது கிடையாது. கேட்கிற நிறம் கையிருப்பில் கிடைக்காவிட்டால் "தறியில இருக்குது, வரும்" என்போம். டீ போடச் சர்க்கரை தீர்ந்துவிட்டால் "சக்கரை நெறைஞ்சிருக்குது" என்போம். வேலைக்கு வராதவர் பெயரைக் கூப்பிட்டால் "வருவாங்க" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். புதிதாகச் சேருகிற பெண்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கொஞ்ச காலத்தில் அவர்கள் வீட்டிலும் அந்தச் சொல் போய்விடும். எனக்குப் போனது போல.

முதலாளியின் தம்பி சென்னைக் கிளையைப் பார்த்துக்கொள்கிறார். கோயம்புத்தூரிலும் ஒரு கிளை உண்டு. சில வருடங்களுக்கு முன் எங்கள் கடையின் மூத்த விற்பனையாளர் ஒருவர் வேறு கடைக்குப் போய்விட்டார். எந்தக் குடும்பம் எந்த ஊர், யாருக்கு எந்தக் கரை பிடிக்கும், எப்போது கல்யாணம் வரும் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. அந்த வருடம் வழக்கமாக வருகிற எத்தனையோ குடும்பங்கள் வரவில்லை. தம்பி அப்போது சொன்னாராம், "ஆள் போனாலும் அறிவு போகக் கூடாது" என்று. அப்படித்தான் களஞ்சியம் வந்தது.

களஞ்சியம் என்பது ஒரு மென்பொருள். சிலேட்டுப் பலகை மாதிரி ஒரு டேப்பில் திறக்கும். கடையின் வைஃபை எட்டுகிற இடத்தில் மட்டும்தான் திறக்கும். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்ததை அதில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். மற்ற கிளைக்காரர்கள் தேடிப் படித்துக்கொள்வார்கள், சந்தேகம் இருந்தால் அதிலேயே கேள்வி கேட்பார்கள். சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, "அக்கா, கஸ்டமர் கத்தும்போது நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன்மா."

"ஒண்ணும்னா?"

"புடவையைப் பார்த்துக்கினு இருப்பேன்."

"அக்கா, நாலு வரியாவது வேணும். அதுக்குக் கம்மியா இருந்தா சிஸ்டம் எடுத்துக்காது."

பேசாமல் இருப்பதை நான்கு வரியில் எழுதுவது எப்படி என்று நான் திண்டாடினேன். கடைசியில் அவளே கேட்டுக் கேட்டு எழுதினாள். முதலில் பில் கேட்கக் கூடாது, கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பார்கள். உட்காரச் சொல்ல வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். புடவையை விரிக்க வேண்டும், ஆனால் அவர்கள் பேசும்போது மடிக்கக் கூடாது. மடித்தால் பேச்சை முடிக்கச் சொல்வது போல ஆகிவிடும். எழுதியதைப் படித்துக் காட்டினாள். யாரோ நன்றாகப் பேசத் தெரிந்தவர் சொன்னது போல இருந்தது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கேள்வி இருக்கும். 'இது பற்றி மேலும் தகவல் உண்டா?' அதன் கீழ் மூன்று பொத்தான்கள். உண்டு, பிறகு, இல்லை. இல்லை என்பது சிவப்பு. அதை நாங்கள் யாரும் தொடவே மாட்டோம். தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கை அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். 'பிறகு' என்று ஒன்று இருந்ததே, அதை அழுத்துவோம். அது எங்கள் "வரும்" மாதிரி மரியாதையாக இருந்தது.

கொஞ்ச நாளில் என் புகைப்படத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரம் முளைத்தது. நிபுணர் என்று அதன் கீழே எழுதியிருந்தது. அதிலிருந்து டேப் சும்மா இருக்கவில்லை. சென்னையிலிருந்து கேள்வி வரும், கோயம்புத்தூரிலிருந்து வரும். சென்ட் தெறித்துச் சரிகை கறுத்தால் என்ன சொல்வது? கடையில் வாங்காத புடவையைக் கொண்டு வந்து சண்டை போட்டால்? சம்பந்தி முன்னால் குறை சொன்னால்? நான் பதில் எழுதுவேன், பிறகு என்று அழுத்துவேன், அதே பக்கத்தில் இன்னொரு கேள்வி வந்து நிற்கும். டேப் 'டிங்' என்றுகொண்டே இருக்கும். எதிரில் ஒருவர் நின்று திட்டினால்கூட அவர் முடித்துவிட்டுப் படி இறங்கிப் போய்விடுவார். டேப்பில் இருப்பவர்கள் போவதே கிடையாது.

கடை வாசலில், படிக்கு வெளியே ஒரு தையல் இயந்திரம் போட்டுக்கொண்டு ஒரு பாய் உட்கார்ந்திருப்பார். புடவைக்கு ஃபால்ஸ் வைத்துக் கொடுப்பவர். கடைக்கு அவர் வேலைக்காரர் அல்ல, இடம் மட்டும் கொடுத்திருந்தார்கள். அதனால் களஞ்சியத்தில் அவர் பெயர் கிடையாது. மாலையில் நான் செருப்பு மாட்டும்போதெல்லாம் கேலி செய்வார்.

"இன்னா தங்கச்சி, இன்னைக்கு எவ்ளோ மூளையை எறக்கினே?"

"இன்னும் கொஞ்சம் இருக்குது பாய்."

"வூட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கினு போ. கொழம்பு வெக்கணுமில்ல?"

அந்தச் சமயத்தில்தான் ஒரு அம்மா வந்தார். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். தங்கையின் கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய புடவை, பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருந்ததில் சரிகை மங்கியிருந்தது. அவர் கத்தவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெருகு போட அனுப்பலாம் என்று சொல்லி வாங்கி வைத்தேன். புடவையைத் திரும்ப வாங்க வந்தபோது, கிளம்பும் முன் நின்றார்.

"எங்க லைப்ரரியில அட்டெண்டர் ஒருத்தர் ரிட்டயர் ஆவுறாரும்மா. பத்தாவது போதும். புக்கை அடுக்கணும், கேட்டா எடுத்துக் குடுக்கணும். பேசக் கூடாது, அதான் முக்கியம்."

"பேசக் கூடாதா?"

"போர்டே மாட்டியிருக்கோம். நீங்க சரியா இருப்பீங்கன்னு தோணுது."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்கார மறந்து நின்றுகொண்டே போனேன். பேசக் கூடாது என்று பலகை மாட்டி வைத்திருக்கிற ஒரு கட்டடம் எங்கள் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றிருந்தது. போய்ப் பார்த்தேன். நீளமான கூடம், மின்விசிறிச் சத்தம், தலை குனிந்த பிள்ளைகள். கல்லூரி விடுமுறை முடிந்து திறப்பதற்குள் கடையிலிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டு வந்தால் வேலை எனக்கு. திறந்த பிறகு காத்திருக்க முடியாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

முதலாளியிடம் சொல்ல எனக்குப் பல நாள் பிடித்தது. சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "உன் மனசுக்குப் புடிச்சிருந்தா போம்மா. எம் பொண்ணு கல்யாணப் புடவைக்குக்கூட நீதான் வெளிச்சத்துல பார்த்துக் குடுத்தே" என்றார். எனக்குக் கண் கலங்கியது. பிறகு அவரே, "ஆனா தம்பி ஒரு சட்டம் வெச்சிருக்கான். போறவங்க களஞ்சியத்தை முழுசா நெறைச்சிட்டுத்தான் போகணும். பச்சைக் கோடு முழுசாச்சுன்னா லெட்டர் குடுத்துர்றேன்" என்றார்.

டேப்பில் என் படத்தின் கீழ் ஒரு பச்சைக் கோடு உண்டு. எழுத எழுத நீளும். எனக்கு அது முக்கால்வாசி வந்திருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று நம்பினேன். மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு எழுதினேன். கோடு நீண்டது. முடிவுக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் புதுக் கேள்விகள் வந்து கோடு பின்னுக்குப் போயிருந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி விரல்கடையில் நின்றது. தறியில் பாவு நூல் ஓடிக்கொண்டே இருக்க, நெய்த புடவையை அறுத்தெடுக்காமல் சுற்றிக்கொண்டே போவது போல இருந்தது. வேலையை விடுவதற்காக வேலை செய்துகொண்டிருந்தேன். எவ்வளவு எழுதினேனோ அவ்வளவு அதிகமாக நான் இங்கே தேவைப்பட்டேன்.

சென்னைத் தம்பி ஒரு கூட்டத்தில் எங்கள் கிளையைப் பாராட்டினாராம். மூன்று கிளைகளில் சொல்லாமல் மிச்சம் வைத்திருக்கிற அறிவு காஞ்சிபுரத்தில்தான் அதிகமாம். முதலாளி அதை எங்களிடம் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பெருமைப்படத் தோன்றவில்லை. கல்லூரி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நூலகர் அம்மா ஒரு தடவை போன் செய்தார். "வந்துடுவீங்கல்ல?" என்றார். நான் "வரேம்மா" என்றேன். எங்கள் கடையின் "வரும்" போலவே என் காதுக்குக் கேட்டது.

அந்தச் சென்னைப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். முன்பின் தெரியாதவர்களுக்கு நானாகப் போன் செய்கிறவள் அல்ல. அவள் தன் கணினியில் என் பக்கங்களைத் திறந்து பார்த்தாள்.

"அக்கா, எல்லாப் பக்கத்துலயும் பிறகுன்னு போட்டு வெச்சிருக்கீங்க?"

"ஆமாம்மா. முடிஞ்சுதுன்னு."

"ஐயோ அக்கா. பிறகுன்னா இன்னும் சொல்லப் போறீங்கன்னு அர்த்தம். அதான் அது பெண்டிங்ல வெச்சு எல்லாரையும் உங்ககிட்ட அனுப்புது. இல்லைன்னு அழுத்துனாதான் பக்கம் மூடும்."

நான் சிவப்புப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. இங்க அதை யாரும் அழுத்த மாட்டோம்."

"ஏன்?"

சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். "அப்போ உங்க பிராஞ்ச் முழுக்க ஒரு பக்கம்கூட மூடலையே, அதுக்கு இதுதான் காரணமா? நாங்க இங்க சார்ட்டெல்லாம் போட்டு மீட்டிங் வெச்சிக்கினு இருக்கோம்!"

முதலாளியிடம் அவளே பேசினாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் கல்லாவுக்குப் பின்னால், விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொத்தானை நெறைவுன்னு மாத்திக் குடும்மா. நெறைவுன்னு இருந்தா எல்லாரும் அழுத்துவாங்க."

"சார், அது கம்பெனி சாஃப்ட்வேர். உங்க பிராஞ்சுக்கு மட்டும் மாத்த முடியாது."

"எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில அந்த வார்த்தை கெடையாது. இப்ப ஒருத்தர் உக்காந்து பக்கம் பக்கமா அழுத்துறதா? அதுவும் சிவப்பா வேற வெச்சிருக்கீங்க."

"அப்போ அக்காவை அப்படியே ரிலீவ் பண்ணிடுங்க சார்."

"சட்டம் போட்டது தம்பிம்மா. நானே விதிவிலக்கு குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. என்னைப் பிடித்து வைக்க வேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு மூச்சு முட்டியது. யாராவது ஒருவர் வேண்டுமென்றே பிடித்து வைத்திருந்தால் அவரிடம் அழலாம். இங்கே எல்லாரும் என்னைப் போகச் சொன்னார்கள், கதவு மட்டும் திறக்கவில்லை. நானே வீம்புக்கு அழுத்திவிட்டுப் போய்விடலாமே என்று வீட்டில் சொன்னார்கள். மாடியில் என்னை யார் பார்க்கப் போகிறார்கள்? இரண்டு தடவை விரலைக் கொண்டு போனேன். அவர் காலையில் விளக்கேற்றிக் கண்ணை மூடி நிற்கிற முகம் நினைவுக்கு வந்தது. என்னால் முடியவில்லை.

கல்லூரி திறப்பதற்கு முந்தின நாள். மதியம் சாப்பிடப் பிடிக்காமல் வாசலில் வந்து நின்றேன். பாய் ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மா வந்து, "பாய், என் பொடவை ஆச்சா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அஞ்சு மணிக்கு வாங்க."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே கல்லாவில் இருந்த முதலாளிக்கும் அது கேட்டுத்தான் இருக்கும். அவர் நிமிரக்கூட இல்லை.

"பாய், நீங்க இல்லைன்னு சொல்றீங்களே."

"நான் தெருவுல உக்காந்திருக்கேன் தங்கச்சி. நாள் பூரா இல்லைன்னுதான் சொல்றேன். உங்க கடைக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

நான் திரும்பி முதலாளியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பாய் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் விரலால் கல்லாப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"போணிதான் காலையிலேயே ஆயிடுச்சே" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு, "படி எறங்கிப் போய் அழுத்தும்மா. படிக்கு இந்தப் பக்கம் வேணாம்" என்றார்.

டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பாய் தன் முக்காலியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தால் வைஃபை எட்டவில்லை. எழுந்து நின்று, டேப்பைக் கடைப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டால்தான் பக்கம் திறந்தது. கோயில் பார்க்க வந்த பஸ் ஒன்று எதிரில் நின்று ஆட்களை இறக்கியது. புரோக்கர்கள் ஓடி வந்து, "பட்டு பார்க்கலாம், தறி பார்க்கலாம், வாங்கம்மா" என்று சூழ்ந்தார்கள். அத்தனை பேர் நடுவில், வெயிலில், பிச்சை கேட்பது போலக் கைகளை நீட்டிக்கொண்டு நான் நின்றேன். யாருடைய கண்ணிலும் படாமல் இருப்பதற்காக மாடி மேசைக்குப் போனவள் நான்.

ஒவ்வொரு பக்கமாகத் திறந்தது. சரிகை கறுத்தால். இல்லை. சாயம் இறங்கினால். இல்லை. கரை விட்டுப்போனால். இல்லை. முதல் சில பக்கங்களுக்குப் பிறகு பழகிவிட்டது.

ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். 'வாடிக்கையாளர் அழுதால்.' அதில் தண்ணீர் கொடுப்பது, மடிக்காமல் இருப்பது என்று இருந்தது. இன்னும் உண்டு. ஒருவர் காலமான தன் மனைவியின் புடவையைக் கொண்டு வந்தார். அதில் எந்தக் குறையும் கிடையாது. எங்கே கொடுப்பது என்று தெரியாமல் என் மேசைக்குக் கொண்டு வந்திருந்தார். நான் அதை விரித்து, குறையைத் தேடுவது போல நூல் நூலாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அழுது முடித்து, புடவையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு போனார். குறை கிடையாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருக்க வேண்டியிருக்கும். அதை எழுத எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எழுதினால் அதற்கும் கேள்வி வரும்.

இது பற்றி மேலும் தகவல் உண்டா?

இல்லை என்று அழுத்தினேன். கைவசம் இருப்பதை இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தெருவில் நின்றுதான் சொன்னேன், இருந்தாலும் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

பச்சைக் கோடு முழுதாயிற்று. டேப்பில் வண்ணக் காகிதங்கள் உதிர்ந்தன. பாய் எட்டிப் பார்த்தார்.

"காலியாயிடுச்சா?"

"நெறைஞ்சிருக்குது பாய்" என்றேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

முதலாளி அன்றைக்கே கடிதம் கொடுத்தார். "போய்ட்டு வாம்மா" என்றார். நான் "வரேன்" என்றேன்.

நூலக வேலை நான் நினைத்தபடியே இருக்கிறது. பிள்ளைகள் சீட்டு நீட்டுகிறார்கள், நான் எடுத்துக் கொடுக்கிறேன். சில நாள் மதியம் வரை நான் வாய் திறப்பதே கிடையாது. சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் ஒரு காலையில் என் போன் அதிர்ந்தது. நூலகர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் போனை எடுத்துக்கொண்டு வெளிப்படியில் போய் நின்றேன்.

"அக்கா, கோயம்புத்தூர் பிராஞ்சுங்க. உங்க நம்பர் இன்னும் களஞ்சியப் பக்கத்துல இருக்குதுங்க. இங்க ஒரு அம்மா அழுதுட்டு இருக்காங்க. தண்ணி குடுத்துட்டேன். மடிக்கலை. இன்னும் அழறாங்க."

"விரிச்சுப் பார்த்துக்கினே இரும்மா."

"பார்த்துட்டேங்க்கா. ஒரு குறையும் இல்லைங்க."

"தெரியும். பார்த்துக்கினே இரு."

அந்தப் பெண் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. "வேற ஏதாவது இருக்குதுங்களா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். வாயால் சொன்னேன். தடை எதுவும் இல்லாமல் வந்தது.

போனை அணைத்துவிட்டு உள்ளே வந்து புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தேன். இரண்டாவது அடுக்குக்கு வரும்போது கை நின்றது. மணி பத்துகூட ஆகவில்லை. அங்கே போணி ஆகியிருக்குமா என்று அவளைக் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று இருந்தது.